கலவாய் கூடும் இடம்

எங்கள் வீட்டு மின்சார மீற்றரைப் பார்க்க வருகிறவர் படலையில் நின்று கூப்பிட்டதே கிடையாது. சைக்கிளைப் பக்கத்து மதிலில் சாத்திவிட்டு, ஓசைப்படாமல் உள்ளே வந்து மீற்றர் பெட்டிக்கு முன்னால் நிற்பார். பட்டப்பகலில் ரோச் லைற் அடித்துப் பார்ப்பார். இலக்கத்தை எழுதிய பிறகும் போகமாட்டார். பெட்டியின் ஈய முத்திரையை விரலால் தடவுவார். பெட்டியிலிருந்து புறப்படும் வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கூரை வரைக்கும் போவார்.

“இந்த வயர் எங்க போகுது?”

“கிணத்து மோட்டருக்கு அண்ணை. போன மாசமும் கேட்டனீங்கள்.”

“போன மாசம் போன இடத்துக்குத்தான் இந்த மாசமும் போகுதோ எண்டு பார்க்கத்தானே வேணும்.”

பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் அவரைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான். எனக்கும் அவரைப் பிடிக்காது. ஒன்றும் களவெடுக்காத என்னைக் களவெடுத்தவள் மாதிரி முழிக்க வைத்துவிட்டுப் போகிற மனிதரை எப்படிப் பிடிக்கும்? ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஒல்லியான ஆள். எதைச் சொன்னாலும் இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் கேட்பார். ஒருநாள் வெயிலுக்குள் வந்திருக்கிறாரே என்று தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டு, “நீங்கள் குடிக்கேல்லையோ?” என்று கேட்டார். நானும் ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்த பிறகுதான் அவர் குடித்தார்.

அந்த வருடம் எனக்கு ஒரு புது வேலை கிடைத்தது. கடல் உயிரினங்களைப் பற்றி ஆராய்கிற சின்ன அமைப்பு ஒன்று திருகோணமலை நகரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தது. பொழுதுபோக்குக்கும் கறிக்குமாகத் தூண்டில் போடுகிறவர்களைத் தேடிப் போய், அவர்கள் பிடிக்கிற மீனையும் காண்கிற மீனையும் படமெடுத்து அனுப்பப் பழக்குவது என்னுடைய வேலை. கைத்தொலைபேசியில் ஒரு செயலி, அதில் ஐந்தே ஐந்து கட்டம்: என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம், எந்த நாள், எந்த இடம். ஆராய்ச்சிக்காரர் எப்போதாவது ஒருநாள் படகெடுத்துப் போய்ப் பார்ப்பதைவிட, தினமும் கரையில் நிற்கிறவர்களின் கண்ணில் கூடுதலாகப் படும். அதெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் எந்த மீன் குறைந்துகொண்டு போகிறது, எது எந்த மாதம் முட்டைக்கு வருகிறது என்று சொல்லலாம், ஆகவேண்டியதைச் செய்யவும் கேட்கலாம். இதுதான் எனக்குச் சொல்லித் தந்தது. நான் தம்பலகாமத்தில் வயல் செய்கிற கமக்காரன் வீட்டுப் பிள்ளை, குளத்து மீனைத் தவிர வேறு மீன் தெரியாது. ஆனாலும் அதை முழுதாக நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

உட்துறைமுகத்தின் ஓரத்தில் இடிந்துபோன பழைய இறங்குதுறை ஒன்று இருக்கிறது. பின்னேரங்களில் அதில் பத்துப் பன்னிரண்டு பேர் தூண்டிலோடு நிற்பார்கள். முதல் நாளே எனக்கு நஸீர் ஒத்தாசையாக வந்து சேர்ந்தார். குடாவுக்கு அங்கால கிண்ணியாக்காரர், முப்பது வயசு சொல்லலாம். நகரத்தில் கைத்தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருந்தார். “நீங்க கஷ்டப்படாதீங்க அக்கா, நான் எல்லாருக்கும் போட்டுக் குடுக்கிறன்” என்று ஒவ்வொருவருடைய தொலைபேசியையும் வாங்கிச் செயலியை இறக்கிக் கொடுத்தார். அவர் கண்ட மீனையெல்லாம் அனுப்பினார். நண்டைக்கூட அனுப்பினார். மரக்கறி லொறி ஓடுகிற செல்வம், “மீனைக் கண்டால் திண்ணவேணும், படம் எடுக்கிறதே” என்று சிரித்தவர், மூன்றாம் நாள் ஓரா மீன் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்.

வரிசையின் கடைசியில், எல்லோருக்கும் பத்தடி தள்ளி, வீதிக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று தூண்டில் போட்டவர் எங்கள் மீற்றர்க்காரர். நான் கிட்டப் போக, பக்கத்தில் இருந்த வாளியின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினார்.

“என்ன அண்ணை பட்டது?”

“ஏன் கேக்கிறீங்கள்?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்கிற கேள்வி எண்டு ஒண்டு இல்லைத் தங்கச்சி.”

நான் என் பாடத்தை ஒப்புவித்தேன். கண்ணைப் பாதி மூடியபடி முழுவதையும் கேட்டார்.

“இதெல்லாம் ஆருக்கு?”

“ஆராய்ச்சிக்கு அண்ணை.”

“ஆராய்ச்சி எண்டு ஒராள் இல்லையே. ஆர் பார்க்கிறது? பார்த்துப்போட்டு ஆருக்குக் குடுக்கிறது?”

“எங்கட ஒப்பீஸ் பார்க்கும்.”

“ஒப்பீசை ஆர் பார்க்கிறது?”

அவர் தூண்டிலைச் சுருட்டி, மூடிய வாளியைச் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். வீடு இருக்கிற திசைக்கு நேர் எதிர்த் திசையில் போனார். “அவர் எப்பவும் அப்பிடித்தான் அக்கா. மீன் பட்டால் ஊரைச் சுத்தித்தான் வீட்ட போவார், ஆரும் பின்னால வாறாங்களோ எண்டு” என்றார் நஸீர், சிரித்துக்கொண்டு.

மீனை அளப்பதற்கு நாங்கள் ஒரு ஸ்டிக்கர் அச்சடித்திருந்தோம். முப்பது சென்ரிமீற்றர் நீளம், வாளியிலோ பெட்டியிலோ ஒட்டிவிட்டு மீனைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கலாம். மீற்றர்க்காரருக்கும் ஒன்றை நீட்டினேன். வாங்கினார், ஆனால் ஒட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து மீற்றர் பார்க்க வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கரையும் ஓர் இரும்பு அளவு நாடாவையும் எடுத்து எங்கள் விறாந்தை மேசையில் அருகருகே வைத்தார்.

“பாருங்கோ.”

எங்கள் முப்பது, அவருடைய இரும்பு நாடாவில் இருபத்தொன்பதுக்கும் கொஞ்சம் மேலேதான் வந்தது. அச்சடித்தவர்கள் தாளில் அடங்குவதற்காகச் சுருக்கியிருக்கிறார்கள். எங்களில் ஒருவருக்கும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு மாதமாக வந்த மீன்களெல்லாம் இல்லாத நீளத்துக்கு வளர்ந்திருந்தன.

“இது இப்பதான் தெரிஞ்சதோ உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“வாங்கின அண்டைக்கே அளந்தனான். நீங்களாக் கண்டுபிடிக்கிறீங்களோ எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அன்று பின்னேரமே இறங்குதுறைக்குப் போய், ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஸ்டிக்கரை உரித்தெடுத்தேன். பிழை எங்களுடையது, இதுவரை அனுப்பிய நீளங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குகிறோம் என்று எல்லோருக்கும் சொன்னேன். செல்வம் திட்டினார். நஸீர் கத்தி வைத்துச் சுரண்ட உதவினார். மீற்றர்க்காரர் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கிற கேள்விகள் குறையவில்லை, ஆனால் பதிலுக்குக் காத்து நிற்க ஆரம்பித்தார். ஒரு நாள் வீட்டில் இலக்கத்தை எழுதி முடித்தவர், விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கதிரையைத் திருப்பிப் படலையைப் பார்த்தபடி போட்டுக்கொண்டார்.

“கலவாய் கூடுற இடம் ஒண்டு எனக்குத் தெரியும்,” என்றார். “கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற மாசத்தில முட்டைக்கு வரும். பாறைக்கு மேல நிண்டு பார்த்தால் முதுகு தெரியும். முந்தி எண்ண ஏலாது. இப்ப எண்ணலாம். எனக்குப் பிறகு அப்பிடி ஒரு இடம் இருந்தது எண்டே ஒருத்தருக்கும் தெரியாமப் போகும்.”

ஒரே மீன் கூட்டமாக முட்டையிட வருகிற இடம் என்பது எங்கள் வேலையில் கிடைப்பதற்கரிய தகவல்.

“தகவல் குடுக்கிறது எனக்குப் பழக்கமில்லை,” என்றார். “வேலைக்குச் சேர்ந்த புதுசில ஒருக்காக் குடுத்தனான். சண்டைக் காலம். ரெண்டு பேர் ரோட்டில மறிச்சு, தம்பி நீர் எல்லா வீட்டுக்கும் போறனீர்தானே, இந்த வீட்டில எத்தினை பேர், போன மாசத்தைவிடக் கறன்ட் கூட ஓடியிருக்கோ எண்டு கேட்டாங்கள். சும்மா கேக்கிறாங்கள் எண்டு நினைச்சு, ஓம், கூட ஓடியிருக்கு எண்டு சொன்னனான்.”

“பிறகு?”

“பிறகு கன மாசம் அந்த வீட்டு மீற்றர் ஓடேல்லை.”

அந்த வீடு எது, கேட்டவர்கள் யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு, “இடத்தைக் காட்டினால் உங்கட ஆராய்ச்சிக்காரரைத் தவிர வேற ஆர் கண்ணிலயாவது படுமோ?” என்று கேட்டார்.

“படாது அண்ணை.”

“நல்லாத் தெரியுமோ?”

“தெரியும்.”

எனக்கு நல்லாகத் தெரியாது. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு காலை அவர் சைக்கிளிலும் நான் ஸ்கூட்டரிலுமாகச் வடக்கே சல்லி என்கிற மீனவக் கிராமத்துப் பக்கம் போனோம். நேர் வீதியில் போகவில்லை. ஒரு கடையில் நின்று எங்களுக்குப் பின்னால் வந்த எல்லோரையும் போகவிட்டார். இன்னோர் ஒழுங்கைக்குள் புகுந்து திரும்பி வந்தார். அம்மன் கோயிலைத் தாண்டி, மீன் காயப்போடுகிற இடமும் தாண்டி, வண்டிகளை விட்டுவிட்டு மணலில் நடந்து பாறைகளுக்கு மேலே ஏறினோம். காகப்பாறை என்று தான் வைத்த பெயரைச் சொன்னார். கீழே பள்ளத்தில் தண்ணீர் பச்சையாக, அசையாமல் நின்றது. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “கல்லைப் பாருங்கோ. அசையிற கல்லு” என்றார். அப்போதுதான் கண்டேன். மண்ணிறத்தில் புள்ளி விழுந்த தடித்த முதுகுகள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, ஒரே பக்கம் தலையை வைத்து நின்றன. பதினொன்று எண்ணினேன். அவர் பதின்மூன்று என்றார்.

அவரிடம் பொத்தான் வைத்த பழைய தொலைபேசிதான் இருந்தது. அதனால் என் தொலைபேசியிலேயே பதிந்தேன். மீன், எண்ணிக்கை, நாள். இடம் என்ற கட்டத்தை அழுத்தியதும் நாங்கள் நின்ற பாறையின் மேல் சிவப்புப் புள்ளி ஒன்று வந்து குந்தியது. அவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று கிழமை கழித்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. அவர் எனக்கு எடுத்த முதல் அழைப்பு.

“தங்கச்சி, வாங்கோ. வந்து படம் எடுங்கோ.”

காகப்பாறைப் பள்ளம் பால் கலந்த மாதிரிக் கலங்கிக் கிடந்தது. விடியப்புறம் யாருடையதென்று தெரியாத படகொன்று வந்து தண்ணீருக்குள் வெடி போட்டுவிட்டுப் பெரிய மீன்களை அள்ளிக்கொண்டு போனதாகச் சல்லி ஆட்கள் சொன்னார்கள். அவர்கள் எடுக்காமல் விட்டவை மிதந்தன: விரல் நீளச் செப்பலிகள், ஓரா, பெயர் தெரியாத சின்ன மீன்கள். அவர் காற்சட்டை நனைய இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொண்டுவந்து பாறையில் அடுக்கினார். சட்டைப் பையிலிருந்து எங்கள் புது ஸ்டிக்கரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“எழுதுங்கோ.”

“அண்ணை, இது செத்த மீன்...”

“கண்ட மீனை எழுதச் சொல்லித்தானே நீங்கள் வந்தனீங்கள். எழுதுங்கோ.”

எழுதினேன். கடைசியாகக் கல்லிடுக்குக்குள் சிக்கியிருந்த கலவாய் ஒன்றை இரண்டு கையாலும் இழுத்தெடுத்தார். அதன் வயிறு வெடித்து முட்டை வெளியே தள்ளியிருந்தது. அதையும் அளந்தார். முதல் படம் தெளிவில்லாமல் விழுந்தது. இரண்டாம் தரமும் எடுக்கச் சொன்னார்.

கரையேறி ஈரத்தோடு நின்றபடி, “நஸீர்,” என்றார்.

“நஸீருக்கு என்ன?”

“போன கிழமை இந்த ரோட்டில என்ர பின்னால மோட்டசைக்கிளில வந்தவர். என்னைக் கண்டதும் கை காட்டினவர். அவருக்குச் சல்லியில என்ன அலுவல்?”

அன்று பின்னேரம் இறங்குதுறையில் அதைச் சொல்லிவிட்டார். உரத்துச் சொல்லவில்லை. செல்வத்திடம் மட்டும்தான் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது. அத்தனை காலமாக அவருடைய சந்தேகங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் இந்த ஒன்றை மட்டும் உடனே நம்பினார்கள். அடுத்த நாள் நஸீர் வந்தபோது வழக்கமாக அவர் நிற்கிற இடத்தில் ஒருவரும் விலகி இடம் விடவில்லை. “எத்தினை கலவாய் அள்ளினனீங்கள்?” என்று செல்வம் கேட்டார். நஸீருக்கு விளங்கவில்லை. விளங்கியதும், திருத்திய தொலைபேசி ஒன்றைச் சல்லியில் ஒரு வீட்டில் கொடுக்கப் போனதாகச் சொன்னார். அந்த வீட்டு ஆளின் பெயரையும் சொன்னார். யாரும் போய் விசாரிக்கவில்லை. “அங்கால ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான்” என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது, நஸீருக்கும் கேட்டது. அவர் தூண்டிலை மடக்கி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அவருடைய மோட்டார் சைக்கிள் ரயர் இரண்டும் அவருடைய கடை வாசலில் வைத்தே கிழிக்கப்பட்டிருந்தன.

எனக்கு அப்போது மீற்றர்க்காரர் மீதே சந்தேகம் வந்தது. நஸீரின் பெயர் எப்படி அவ்வளவு கெதியாக வாயில் வந்தது? தானே யாரிடமாவது உளறிவிட்டு மற்றவர் தலையில் போடுகிறாரோ? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அலுவலகக் கணினியில் எங்கள் இணையத்தளத்தைத் திறந்தேன். யாரும் திறந்து பார்க்கக்கூடிய பக்கம். அதில் திருகோணமலைக் கரை முழுவதும் புள்ளிகள். சல்லிக்கு வடக்கே தனியாக ஒரு சிவப்புப் புள்ளி. அதை அழுத்தினேன். ‘கலவாய், பதின்மூன்று, முட்டைக்கு வந்தவை’ என்று நான் எழுதியது அப்படியே விரிந்தது. பாறை வரைக்கும் சரியான இடம்.

ஒவ்வொரு பதிவிலும் ‘இடத்தை மறைக்கவும்’ என்று ஒரு சின்னப் பெட்டி இருந்திருக்கிறது. அதில் சரி அடையாளம் போட்டால்தான் மறையும். நான் போடவில்லை. அப்படி ஒரு பெட்டி இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். வெடி போட்டவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்பதற்கு இன்றுவரை என்னிடம் அத்தாட்சி இல்லை. பார்க்கவில்லை என்பதற்கும் இல்லை.

புள்ளியை உடனே மறைத்தேன். அலுவலகத்துக்கு அறிவித்தேன், அவர்கள் எல்லாப் புள்ளிகளையும் மறைத்தார்கள். ஆனால் இறங்குதுறையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். எல்லோரும் செயலியை விட்டுவிடுவார்கள் என்றும் எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். நஸீரின் கடைக்கு முன்னால் போகவேண்டி வந்தபோது வேறு வீதியால் சுற்றிப் போனேன்.

பத்தாம் நாள் அவர் மீற்றர் பார்க்க வந்தார். ரோச் லைற்றை அடித்துக் குனிந்து நின்றவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. அவர் திரும்பவில்லை. இலக்கத்தை எழுதினார். பில் துண்டைக் கிழித்து என் கையில் தந்தார்.

“எப்ப தெரியும்?”

“ஒன்பது நாள்.”

“நஸீரிட்டச் சொன்னனீங்களோ?”

“இல்லை.”

“அவரிட்ட எல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்.”

படலை வரைக்கும் போனவர் திரும்பி, “பின்னேரம் ஐஞ்சு மணிக்கு வாங்கோ” என்றார்.

ஐந்து மணிக்கு இறங்குதுறையில் அவர் தூண்டில் இல்லாமல் நின்றார். பத்தடி தள்ளி நிற்கவில்லை, எல்லோருக்கும் நடுவில் நின்றார். நான் வந்ததைக் கண்ட பிறகு தொண்டையைச் செருமினார்.

“கலவாய் கூடுற இடத்தைக் குடுத்தது நான். என்ர வாயால குடுத்தனான். நஸீருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் அவரைச் சொன்னது பிழை. இனி ஆரும் அந்தக் கதை கதைக்கக் கூடாது.”

“ஆரிட்டக் குடுத்தனீங்கள்?” என்று செல்வம் கேட்டார்.

அவர் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் அப்படியே போய்விடுவார் என்பது எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. நான் பேசாமல் நின்றால் அது அத்தோடு முடிந்துவிடும் என்பதும் விளங்கியது.

“என்னட்ட,” என்றேன். புள்ளி, வரைபடம், ஒன்பது நாள், எல்லாவற்றையும் சொன்னேன். செல்வம் தொலைபேசியை எடுத்து, என் கண்ணுக்கு முன்னாலேயே செயலியை அழித்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கடலைப் பார்த்துத் திரும்பித் தூண்டிலை வீசினார்கள்.

மீற்றர்க்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நஸீரின் கடைப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். கடைக்குள் அவர்தான் முதலில் ஏறினார், நான் வாசலில் நின்றேன். இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நஸீர் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியபடி ஒரு தொலைபேசியின் உள்ளே கிளறிக்கொண்டே இருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. கொஞ்ச நேரத்தில் மீற்றர்க்காரர் வெளியே வந்து, “உங்கட முறை” என்றார். நான் போய்ச் சொன்னதை நஸீர் கடைசி வரைக்கும் கேட்டார். “சரி அக்கா,” என்றார். “நீங்க ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க. நம்புறதா வேணாமா எண்டு நான்தான் யோசிக்கணும்.” எப்போதும் எல்லாவற்றுக்கும் சிரிக்கிற முகத்தைச் சிரிப்பில்லாமல் அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் இறங்குதுறைக்கு வரவே இல்லை.

என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. எப்போதும் இடம் மறைந்தே பதியும்படி செயலியை மாற்றினார்கள். நான் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை பாடத்தை ஒப்புவிக்கவில்லை. யார் பார்ப்பார்கள், யார் பார்க்கமாட்டார்கள், எதை மறைக்கலாம், எது எனக்கே தெரியாது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். மெல்ல மெல்ல ஆறேழு பேர் வந்தார்கள். ஒரு வருடம் போக, செல்வமும் ஒரு பாரை மீனைப் படமெடுத்து அனுப்பினார். மீற்றர்க்காரர் மாதம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். வயர் எங்கே போகிறது என்று கேட்டார். தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தால் மணந்து பார்த்தார். மீன் கதை மட்டும் எங்களுக்குள் வரவில்லை. இறங்குதுறையில் அவரைக் காண்பதும் அரிதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறாரோ என்று ஒழுங்கையில் கதைத்தார்கள்.

ஓய்வு பெறுகிற மாதம் கடைசித் தடவையாக வந்தார். மட்டக்களப்பில் இருக்கிற மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். போகிற நேரம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். கலவாய், ஒன்பது என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் நீளமும் கண்ணால் மட்டுக்கட்டி எழுதப்பட்டிருந்தது. கீழே நாள். இடம் இல்லை.

“எங்க அண்ணை?”

“காகப்பாறை இல்லை. இது வேற இடம். இதைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒண்டரை வருசம் எடுத்தது.”

“அதுதான் எங்க?”

“அதை நஸீரிட்டச் சொல்லியிருக்கிறன். அவர் ஒருத்தரிட்டத்தான். வேணுமெண்டால் அவரிட்டக் கேளுங்கோ.”

படலையைச் சாத்திவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை.

நாலைந்து நாள் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, கடைசியில் நஸீரின் கடைக்குப் போனேன். தாளை விரித்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் வாசித்தார்.

“ஓம் அக்கா, சொன்னவர். ரெண்டு தரம் கூட்டிட்டும் போனவர்.”

“எங்க நஸீர்?”

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அது ஏலாது அக்கா. கோவிக்க வேணாம்.”

“கோவிக்கேல்லை,” என்றேன். உண்மையாகவே எனக்குக் கோபம் வரவில்லை.

ஸ்டூல் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு பிளேன்டீ சொன்னார். நான் அங்கேயே இருந்து தாளைப் பார்த்துப் பதிந்தேன். மீன், எண்ணிக்கை, நீளம், நாள். இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன். செயலி ஏற்கவில்லை, இடம் போடாமல் அனுப்ப முடியாது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. இரண்டு தரம் முயன்றுவிட்டு நஸீரைப் பார்த்தேன்.

“கொண்டாங்க,” என்று தொலைபேசியை வாங்கினார். புள்ளி வைக்காமல், அந்தக் கட்டத்தில் ‘கடல்’ என்று எழுதி அனுப்பிவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார்.